அடுத்த படி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு கணினி அறிவியல் வகுப்பில் இருந்துகொண்டு, பகுதி ஒன்று தமிழை என்னிடம் படித்தவர். இப்போது அமெரிக்காவில் டாலஸ் நகருக்கு அருகே வசிக்கிறார். நலம் விசாரித்து முடித்தபின் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"ஐயா, பாப்பா ஜிம்னாஸ்டிக்ஸ் போறா இல்லையா, அவளைப் போட்டிக்குப் போற அணியில சேர்க்கலாம்னு கோச் சொல்றாங்க. இப்ப வாரத்துக்கு மூணு மணி நேரம். இனிமே பன்னிரண்டு மணி நேரம் ஆகும். நானும் அவளும் ரெண்டு வாரமா பேசிக்கிட்டே இருக்கோம், ஒரு முடிவுக்கு வர முடியல. நீங்க என்ன சொல்றீங்க?"

'அவள்' என்று அவர் சொன்னது மனைவியை. மகளுக்கு ஒன்பது வயது. வாழ்நாளில் ஒருமுறைகூடக் குட்டிக்கரணம் போட்டறியாத ஒரு தமிழாசிரியரிடம் இதைக் கேட்பானேன் என்று சிரித்தேன். "நீங்க வகுப்புல நடத்தின கயிறு பாட்டு ஞாபகம் வந்துச்சு ஐயா" என்றார்.

அவர் குறிப்பிட்டது நற்றிணையின் 95ஆம் பாடல். கோட்டம்பலவனார் பாடியது. குழலும் பிற இசைக்கருவிகளும் முழங்க, முறுக்கிய கயிற்றின்மீது ஆடுமகள் ஒருத்தி நடந்து முடித்திருக்கிறாள். அவள் நடந்த அதே கயிற்றில் இப்போது ஒரு குரங்குக்குட்டி தொங்கி ஆடுகிறது. அதைப் பார்த்துக் குறவர் வீட்டுச் சிறுவர்கள் பாறைமேல் நின்று தாளம் கொட்டுகிறார்கள். தலைவியின் சிற்றூரைச் சுட்டிக்காட்டுவதற்காகத் தலைவன் சொல்லிச் செல்லும் காட்சி இது. கயிற்றில் நடந்தவள் யார், எந்த வயதில் ஏறினாள், ஏற்றிவிட்டவர் யார் என்பதெல்லாம் பாடலுக்கு வேண்டாதவை. மாணவருக்கோ அந்தக் கேள்விகள்தாம் வேண்டியிருந்தன. ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். படித்ததில் எனக்குத் துலங்கியதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

*

மகளிர் ஜிம்னாஸ்டிக்ஸைச் சிறுமியரின் விளையாட்டாக உலகம் பார்க்கத் தொடங்கியதில் 1976ஆம் ஆண்டுக்குப் பெரும் பங்குண்டு. அவ்வாண்டு ஜூலை 18 அன்று மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில், 14 வயது நாடியா கோமனேச்சி ஏற்ற இறக்கச் சட்டங்களில் ஆடி இறங்கினார். மதிப்பெண் பலகையில் 1.00 என்று வந்தது. ஒலிம்பிக்கில் அதுவரை எவரும் முழுமையான 10 பெற்றதில்லையாதலால், பலகையில் அந்த எண்ணுக்கு இடமே வைக்கப்பட்டிருக்கவில்லை. அந்த ஒலிம்பிக்கில் நாடியா ஏழு முறை 10 பெற்றார்.

அதற்குப் பின்னே ஏறத்தாழ எட்டு ஆண்டுக் கதை இருக்கிறது. ருமேனியாவின் ஒனெஷ்ட் நகரில், பள்ளி முற்றத்தில் கரணம் போட்டு விளையாடிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுமியைப் பயிற்சியாளர் பெலா கரோலி கண்டெடுத்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. 1969இல் தேசியப் போட்டியில் நாடியாவுக்குக் கிடைத்தது 13ஆம் இடம். 1975இல் நார்வேயில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ஒட்டுமொத்தப் பட்டம். இவ்வளவும் எல்லாரும் அறிந்தவை. என் கவனம் நின்றது 1977இல்.

அவ்வாண்டு ருமேனிய விளையாட்டு அதிகாரம், நாடியாவைக் கரோலி தம்பதியரிடமிருந்து பிரித்துத் தலைநகர் புக்கரெஸ்டுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. சிற்றூரிலிருந்து தலைநகருக்குப் போவது பெயரளவில் ஓர் உயர்வுதான். ஆனால் அதே காலத்தில் பெற்றோர் மணவிலக்குப் பெற்றனர். உடல் வளர்ந்தது. மறு ஆண்டு, 1978இல், ஸ்ட்ராஸ்பர்க் உலகப் போட்டியில் நாடியா சட்டத்திலிருந்து தவறி விழுந்து ஒட்டுமொத்தத்தில் நான்காம் இடம் பெற்றார். பின்னர் பழைய பயிற்சியாளரிடமே திரும்பி, 1979இல் மூன்றாம் முறையாக ஐரோப்பியப் பட்டத்தை வென்றார்.

பழகிய கைகளுக்குத் திரும்பியதும் எல்லாம் சரியாயிற்று என்று இதற்கு ஒரு பாடம் எழுதிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் எழுதிக்கொண்டேன். பிறகு அந்தப் பாடத்தை அடிக்க வேண்டி வந்தது. ருமேனிய உளவுத்துறையின் கோப்புகளை ஆராய்ந்து ஸ்டேஜரெல் ஒலாரு என்ற வரலாற்றாசிரியர் 2021இல் ஒரு நூல் வெளியிட்டார். அச்சிறுமியர் அடிக்கப்பட்டதும் உணவு மறுக்கப்பட்டதும் அக்கோப்புகளிலேயே பதிவாகியிருக்கின்றன. உலகம் 10க்குக் கைதட்டிக்கொண்டிருந்தபோது, அந்த 10 எப்படி உருவாயிற்று என்பதை அரசு அறிந்திருந்தது. அறிந்து, கோப்பில் கட்டி வைத்திருந்தது. புக்கரெஸ்டுக்கு அனுப்பியதிலும் சரி, திரும்பியதிலும் சரி, தீர்மானித்தவர்கள் பெரியவர்கள்.

*

நாடியா தவறி விழுந்த அதே ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒட்டுமொத்தப் பட்டம் வென்றவர் சோவியத் நாட்டின் எலெனா முகினா. மாஸ்கோவில் பிறந்தவர், இளவயதிலேயே தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். உலக வாகை சூடியபோது அவருக்கு 18 வயது. இந்த வரலாற்றில் நான் படித்தவற்றுள் என்னை இரவு தூங்கவிடாமல் செய்தது இவருடைய வாழ்க்கை.

1979இல் முகினாவின் கால் எலும்பு முறிந்தது. அதனால் அவ்வாண்டு உலகப் போட்டியில் பங்கேற்க முடியவில்லை. 1980இலோ ஒலிம்பிக் அவருடைய ஊரான மாஸ்கோவிலேயே நடக்கவிருந்தது. கால் முழுமையாக ஆறும் முன்னரே பயிற்சி தொடங்கியது. அத்துடன் தரைப் பயிற்சியில் ஒரு புதிய கரணமும் சேர்க்கப்பட்டது. அமெரிக்க ஆண் வீரர் கர்ட் தாமஸின் பெயரால் 'தாமஸ் சால்டோ' என வழங்கப்படுவது அது. பின்னோக்கி எழும்பி, ஒன்றரைச் சுற்றுச் சுழன்று, ஒன்றரைத் திருகு திருகி, காலில் நிற்காமல் முன்னோக்கி உருண்டு முடிக்க வேண்டும். உயரமோ வேகமோ சற்றுக் குறைந்தால் தரையை முதலில் தொடுவது தலை.

உயரமும் வேகமும் காலிலிருந்து வர வேண்டும். முகினாவின் காலோ இன்னும் தேறவில்லை. இதை முகினா அறிந்திருந்தார். கழுத்து முறிந்துவிடும் என்று பயிற்சியாளரிடம் சொன்னதாகவும், உன்னைப் போன்றவர்களுக்குக் கழுத்து முறியாது என்ற பொருளில் பதில் வந்ததாகவும் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். 1980 ஜூலை 3 அன்று, ஒலிம்பிக் தொடங்கச் சற்றேறக்குறைய இரண்டு வாரங்கள் இருக்கையில், மின்ஸ்க் நகரில் நடந்த பயிற்சியின்போது அந்தக் கரணத்தில் தாடை தரையில் மோத விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்து கைகால்கள் செயலிழந்தன. பயிற்சியாளர் அன்று அங்கே இல்லை.

அதற்குப் பின் 26 ஆண்டுகள் வாழ்ந்து, 2006 டிசம்பர் 22 அன்று இறந்தார். 1988இல் 'ஒகன்யோக்' இதழுக்கு அளித்த நேர்காணலில் அவர் கூறிய ஒரு செய்தி உண்டு. விழுந்து கிடந்த கணத்தில் முதலில் தோன்றிய எண்ணம், நல்லவேளை, இனி ஒலிம்பிக்குக்குப் போக வேண்டியதில்லை என்பதாம்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உலகப் பட்டம் வென்ற ஒரு பெண்ணுக்கு 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இல்லை. சொன்னால் கேட்பார் இல்லை. அந்தச் சொல்லை அவருக்காகச் சொல்ல அவருடைய கழுத்தெலும்பு முறிய வேண்டியிருந்தது.

தாமஸ் சால்டோ பின்னர் மகளிர் போட்டிகளில் தடை செய்யப்பட்டது. சர்வதேசப் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதும் 1981இல் 14இலிருந்து 15 ஆகவும், 1997இல் 16 ஆகவும் உயர்த்தப்பட்டது. விதிகள் இவ்வாறு மெல்ல மெல்லத் திருந்தின. ஆனால் ஒரு கரணத்தைத் தடைசெய்வது எளிது. அஞ்சுகிறேன் என்று சொல்பவளை நம்பும்படி விதி எழுத முடியுமா?

*

கரோலி தம்பதியர் 1981இல் நியூயார்க் வந்தபோது நாடு திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டனர். பின்னர் ஹூஸ்டன் நகரில் பயிற்சிக்கூடம் நடத்தினர். மேற்கு வர்ஜீனியாவின் ஃபேர்மாண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த மேரி லூ ரெட்டன் 1983 தொடக்கத்தில், 15 வயது நிறையும் தறுவாயில், வீட்டை விட்டு அங்கே சென்று சேர்ந்தார். மற்றொரு குடும்பத்துடன் தங்கிப் பயின்றார். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்தபோது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்படியிருந்தும் கடைசிச் சுற்றில் வால்ட் தாண்டி 10 பெற்று, ருமேனியாவின் எக்காடெரினா சாபோவை 0.05 புள்ளியில் முந்தி ஒட்டுமொத்தத் தங்கம் வென்றார். சோவியத் அணி அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ரெட்டனின் சிரித்த முகம் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது. திறமையுள்ள பெண் என்றால் ஊரை விட்டு, வீட்டை விட்டு, பெயர்பெற்ற பயிற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணத்துக்கு அந்த வெற்றி பெரிதும் வலுவூட்டியது. ஆனால் அதே கூடத்தில், அதே காலத்தில், டயான் டர்ஹாம் என்றொரு பெண்ணும் இருந்தார். அவரும் சொந்த ஊரான இந்தியானா மாநிலத்து கேரி நகரை விட்டு வந்தவரே. 1983இல் அமெரிக்கத் தேசியப் பட்டம் வென்றவர், கறுப்பினப் பெண்களில் அப்பட்டத்தை வென்ற முதலாமவர். 1984 தேர்வுப் போட்டியில் கணுக்காலில் அடிபட்டு விலகினார். ஒலிம்பிக் அவருக்கு வாய்க்கவில்லை. ஒரே கூடத்தின் வாயிலில் நுழைந்த இருவரில் ஒருவரை நாடு நினைவில் வைத்துக்கொண்டது. முடிவு எடுக்கும் பெற்றோருக்கு முன்னால் எப்போதும் ரெட்டனின் படம் மாட்டப்பட்டிருக்கிறது. டர்ஹாமின் படம் இல்லை.

1996 ஒலிம்பிக் அணியில் தங்கம் வென்றபோது 14 வயதாக இருந்த டொமினிக் மொசியானு, கரோலியரிடம் தாம் பட்ட துன்பங்களைப் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசினார். 2017 மார்ச்சில் அமெரிக்க செனட் குழு முன்பும் சாட்சியம் அளித்தார். டெக்சஸில் கரோலியரின் பண்ணை பல ஆண்டுகள் தேசிய அணியின் பயிற்சி மையமாக இருந்தது. முகாம்களின்போது பெற்றோருக்கு அங்கே அனுமதி கிடையாது. அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் சிறுமியரிடம் அத்துமீறிய இடங்களுள் அதுவும் ஒன்று. 2018 ஜனவரியில் அவருக்குத் தண்டனை வழங்கப்பட்டது. அதே மாதம் அந்தப் பண்ணையுடனான தொடர்பை அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் முறித்துக்கொண்டது.

*

இவ்வளவையும் படித்தபின், மாணவரை அழைத்து 'வேண்டாம், விட்டுவிடுங்கள்' என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். அப்படிச் சொல்லாமல் என்னைத் தடுத்தது சிமோன் பைல்ஸின் பயணம்.

பைல்ஸ் 1997இல் பிறந்தவர். தாத்தா பாட்டியால் தத்தெடுக்கப்பட்டு டெக்சஸில் வளர்ந்தவர். ஆறு வயதில் குழந்தைகள் காப்பகத்திலிருந்து அழைத்துச் சென்ற ஒரு சுற்றுலாவில் முதன்முதலாக ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தைப் பார்த்தார். எட்டு வயதில் ஏமி பூர்மன் அவருக்குப் பயிற்சியாளரானார். பூர்மன் அதுவரை உயர்மட்டப் போட்டியாளர் எவரையும் உருவாக்கியவர் அல்லர். அமெரிக்க முறையில் பத்து நிலைகள் உண்டு, அவற்றுக்கும் மேலே 'எலீட்' என்ற உச்சநிலை. பைல்ஸ் அந்த உச்சநிலைக்கு ஏறியபோது அவருடைய பயிற்சியாளரும் முதன்முறையாக அங்கே ஏறினார். 2012இல் பைல்ஸ் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தி வீட்டுக்கல்விக்கு மாறினார். வாரப் பயிற்சி சுமார் 20 மணி நேரத்திலிருந்து 32 மணி நேரமாயிற்று. என் மாணவர் இன்று நிற்கும் வாசலைவிட மிகப் பெரிய வாசல் அது.

மறு ஆண்டே சோதனை வந்தது. 2013 ஜூலையில் ஒரு முக்கியப் போட்டியில் பைல்ஸ் சட்டத்தில் விழுந்தார், கட்டையில் தடுமாறினார், தரைப் பயிற்சியிலும் விழுந்தார். எஞ்சியிருந்தது வால்ட். அது அவருக்கு மிக வலுவான பிரிவு. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அந்த ஒரு பிரிவு போதும் என்று வேறொருவர் நினைத்திருக்கலாம். பூர்மன் அவரைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டார். மனம் இங்கே இல்லாதபோது காற்றில் ஏறுவது ஆபத்து என்பதுதான் காரணம். பின்னர் விளையாட்டு உளவியலாளரிடம் அழைத்துச் செல்லப்பட்டார். ஆகஸ்டில் தேசியப் பட்டம், அக்டோபரில் ஆண்ட்வெர்ப்பில் உலகப் பட்டம். வயது 16.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஜூலை 27 அன்று, டோக்கியோவில் அணி இறுதிப்போட்டி. காற்றில் சுழலும்போது தன் உடல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரியாமற்போகும் ஒரு நிலை இவ்விளையாட்டில் உண்டு. ஒரு வால்ட் முடித்த பைல்ஸ் அந்நிலையை உணர்ந்து, தாமே விலகினார். உலகம் முழுவதும் பழியும் பாராட்டும் எழுந்தன. அப்போது அவர் பூர்மனிடம் பயிலவில்லை. புதிய பயிற்சியாளர்கள் அவருடைய முடிவை ஏற்றனர். 2024 பாரீஸில், 27ஆம் வயதில், மீண்டும் ஒட்டுமொத்தத் தங்கம் வென்றார்.

இந்த இரண்டு நாட்களையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 16 வயதில், நிறுத்தினால் எதுவும் முடிந்துபோவதில்லை என்பதைப் பெரியவர் ஒருவர் அவருக்குச் செய்து காட்டினார். 24 வயதில் அவர் தமக்குத் தாமே அதைச் செய்துகொண்டார். ஒன்றிலிருந்துதான் மற்றது வந்தது என்று நிறுவ என்னிடம் சான்று இல்லை. ஆனால் ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் நம்புகிறேன். மாணவர் நம்மிடம் கற்பது நாம் நடத்தும் பாடத்தை மட்டுமன்று.

நல்ல பயிற்சியாளர் ஒருவர் வாய்த்துவிட்டால் எல்லாம் நலமே என்றும் சொல்லிவிட முடியாது. நாசரால் பாதிக்கப்பட்டவர்களுள் தாமும் ஒருவர் என்பதை 2018இல் பைல்ஸ் வெளியிட்டார். பூர்மனைப் போன்ற ஒருவர் உடனிருந்தும் இது நடந்தது. ஆகவே பயிற்சியாளரை மட்டுமல்லாமல் கூடத்தின் கதவுகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திரிபுராவின் அகர்தலாவில் தட்டைப் பாதத்துடன் பிறந்த தீபா கர்மாகர், சிறுவயது முதல் விஷ்வேஷ்வர் நந்தி என்ற ஒரே பயிற்சியாளரிடம் பயின்று 2016 ரியோ ஒலிம்பிக்கின் வால்ட் இறுதியில் 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் தவறியது 0.150 புள்ளியில். அவர் தாண்டிய 'ப்ரொடுனோவா' மிக ஆபத்தானது என்று பெயர் பெற்றது. 2017இல் முழங்கால் தசைநார் கிழிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் 2018இல் துருக்கியில் உலகச் சவால் கோப்பைப் போட்டியில் தங்கம். 2024இல் தாஷ்கண்டில் ஆசியத் தங்கம், அப்போது வயது 30. அவ்வாண்டு அக்டோபரில் ஓய்வு பெற்றார். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிதினா 46 வயதில் டோக்கியோவில் வால்ட் தாண்டியதையும் இத்துடன் சேர்த்துக்கொண்டால், ஒன்பது வயதில் முடிவெடுக்கத் தவறினால் எல்லாம் கைவிட்டுப் போய்விடும் என்ற அவசரத்துக்கு வரலாற்றில் அவ்வளவு ஆதாரம் இல்லை என்பது விளங்கும்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாணவரை அழைத்தேன். சுருக்கமாகச் சொன்னேன்.

"தம்பி, பாப்பாவுக்குத் திறமை இருக்கான்னு என்கிட்ட கேக்காதீங்க, அது கோச்சுக்குத் தெரியும். நீங்க மூணு விஷயம் பாருங்க. பயிற்சி நடக்கும்போது நீங்க எப்ப வேணா உள்ள போய் உட்கார முடியுமா? ரெண்டாவது, ஒரு பிள்ளை 'இன்னைக்கு இது வேண்டாம், பயமா இருக்கு'ன்னு சொன்னா அங்க என்ன நடக்குது? நாலு நாள் போய் உட்கார்ந்து பாருங்க, கேக்காதீங்க. மூணாவது, ஆறு மாசம் கழிச்சு அவ பழைய வகுப்புக்கே போறேன்னா, முகம் சுளிக்காம அனுப்புவாங்களா? நீங்க அனுப்புவீங்களா?"

மூன்றாவது கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, "கோச்சைவிட எங்களுக்குத்தான் ஐயா அது கஷ்டம்" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பாப்பா என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். இரண்டு வாரம் பேசியதில் அவளிடம் இன்னும் கேட்கவில்லை என்றார். பிறகு தொலைபேசியிலிருந்து முகத்தைத் திருப்பி அவளை அழைத்தது கேட்டது.

நற்றிணைப் பாடலை மறுநாள் வகுப்பில் மீண்டும் நடத்த நேர்ந்தது. இத்தனை ஆண்டுகளும் அந்தக் குரங்குக்குட்டியை ஒரு நகைச்சுவையாகவே நடத்தி வந்திருக்கிறேன். இம்முறை வேறொன்று கண்ணில் பட்டது. குட்டி தானாக ஏறியது. விளையாட்டு அலுத்தால் அதுவே இறங்கிவிடும். ஆடுமகள் இசைக்கு நடந்தாள். இசைத்தவர்கள் தரையில் இருந்தார்கள். தாளம் போடுகிறவர்கள் என்றுமே தரையில்தான் இருக்கிறோம். மேலே நிற்பவள் கை காட்டினால் இசையை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.